புழுவின் பெயரும் பீன்யாவின் நொதியும்

பீன்யா என்றதும் கடைசல் பட்டறைகளும் இயந்திர உதிரிபாகக் கூடங்களுமே நினைவுக்கு வரும். பெங்களூருவின் வடமேற்கில் அமைந்த பெரிய தொழிற்பேட்டை அது. இந்திய உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பழகியோருக்கு இன்னொரு பீன்யாவும் தெரிந்திருக்கும். 1990களிலும் 2000களிலும் வெளியான கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில், நொதியின் பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் 'பெங்களூர் ஜெனெய்' என்ற பெயர் அடிக்கடி வரும். 1989இல் தொடங்கப்பட்டுப் பீன்யாவில் இயங்கிய நிறுவனம் அது. கால்நடைகளின் ஈரலில் வாழும் ஒட்டுண்ணிகளை இந்தியாவில் மரபணு வழியே இனங்கண்ட வரலாற்றை எழுதப் புகுவோர், அந்த அடைப்புக்குறியையும் கவனிக்க வேண்டும்.

கல்லீரல் தட்டைப்புழு ஆடு, மாடு, எருமைகளின் பித்தநாளத்தில் குடியிருப்பது. நோய் முற்றிய ஆட்டின் தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும், பால் குறையும், எடை இறங்கும். அறுவைக்கூடத்தில் புழு கண்ட ஈரல் கழிவாகும். இப்புழுவில் இரண்டு இனங்கள் முதன்மையானவை. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது ஃபாசியோலா ஹெபாட்டிகா. 1855இல் கோபோல்டு ஓர் ஒட்டகச்சிவிங்கியின் ஈரலில் கண்டு விவரித்தது ஃபாசியோலா ஜைகாண்டிகா. முன்னது குளிர்ந்த நிலங்களுக்குரியது, பின்னது வெப்பமண்டலத்துக்குரியது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இவ்விரண்டையும் பிரித்தறிய உருவமே அளவுகோலாக இருந்தது. தோள் அகன்று குட்டையாக இருப்பது ஹெபாட்டிகா. நீண்டு ஒடுங்கியிருப்பது ஜைகாண்டிகா. ஆனால் புழுவின் வளர்ச்சி, அது வாழும் விலங்கைப் பொறுத்தும் அதன் வயதைப் பொறுத்தும் மாறுபடும். ஆட்டின் ஈரலிலிருந்து எடுத்ததையும் எருமையின் ஈரலிலிருந்து எடுத்ததையும் ஒரே அளவுகோலால் அளப்பது எளிதன்று. ஆசியாவில் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்களும் கிடைத்தன. ஜப்பானிலும் கொரியாவிலும் கண்ட சிலவற்றில் விந்தணுவே உருவாகவில்லை. அவை கலப்பின்றியே பெருகின. இத்தகைய புழுவை எப்பெயரால் அழைப்பது என்ற கேள்விக்கு உருவவியலிடம் தெளிவான விடை இல்லை.

விடைக்கான வழி டிஎன்ஏவிலிருந்து வந்தது. 2002இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். புழுவின் ரைபோசோம் மரபணுவில் 618 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பிசிஆர் முறையில் பெருக்கி, அதை வெட்டுநொதியிடம் ஒப்படைப்பதே அம்முறை. வெட்டுநொதி குறிப்பிட்ட எழுத்துவரிசை உள்ள இடத்தில் மட்டுமே டிஎன்ஏவை வெட்டும். இரு இனங்களுக்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் வெட்டுமிடம் மாறும். கூழ்மத் தட்டில் தெரியும் பட்டைகளும் மாறும். சொல்லின் ஓர் எழுத்து பிறழ்ந்திருப்பதைக் கொண்டு இரண்டு ஏட்டுப் பிரதிகளின் மரபைப் பிரிக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கு ஒப்பானது இது.

இவ்வேலைக்கு இரண்டு நொதிகள் இன்றியமையாதவை. ஒன்று, பெருக்கித் தரும் டாக் பாலிமரேஸ், மற்றொன்று, வெட்டுநொதி. இரண்டையும் உறைகுளிரில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை அளவில், வைத்துக் காக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பனிப்பெட்டியில் வரும் சரக்கு சுங்கத்தில் தங்கினால் நொதியின் வீரியம் கெடும். அந்நியச் செலாவணியும் ஒரு தடை. இவற்றை உள்நாட்டிலேயே செய்து விற்றதுதான் பீன்யா நிறுவனத்தின் பங்கு. அது பிற்காலத்தில் சென்னையின் சன்மார் குழுமத்திடமும், பின்னர் மெர்க் நிறுவனத்திடமும் கைமாறியது. பெரிய நிதி வாய்க்காத ஆய்வுக்கூடங்களுக்கும் மூலக்கூறு உயிரியல் எட்டும் தொலைவுக்கு வந்ததில் இத்தகைய உள்நாட்டு உற்பத்திக்கு இடமுண்டு.

2008இல் ஷில்லாங்கின் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீணா தாண்டன் குழுவினர், ரைபோசோம் டிஎன்ஏவின் இடைவெளிப் பகுதிகளைப் படித்து, தம் வட்டாரத்துப் புழு ஜைகாண்டிகாவே என்று காட்டினர். 2015இல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் இம்பால், கோகிமா, கேங்டாக் வட்டாரங்களில் ஜைகாண்டிகாவோடு விந்தணுவற்ற வகையும் வாழ்வதைக் கண்டனர். ஜைகாண்டிகாவின் மைட்டோகாண்ட்ரியா மரபணு இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை துணைக்கண்டத்தின் மேற்கிலிருந்து திமில் மாடுகளோடு வந்திருக்கலாம். மற்றது மியன்மாரிலிருந்து எருமைகளோடு வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மனிதர் மாடோட்டிச் சென்ற வழியைக் கல்வெட்டு எழுதி வைக்கவில்லை. மாட்டின் ஈரலில் இருந்த புழு எழுதி வைத்திருக்கிறது. கடன்சொற்களைக் கொண்டு வணிக வழிகளைத் தேடும் மொழியியலாருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

பெயர் உறுதியாவதில் புலமையின் நிறைவு மட்டும் இல்லை. ஹெபாட்டிகாவின் இளம்பருவத்தைச் சுமக்கும் நத்தை ஈரச் சேற்றில் வாழ்வது. ஜைகாண்டிகாவின் நத்தை குளம், வயல் போன்ற தேங்கிய நீரில் வாழ்வது. புழுவின் பெயர் பிழைத்தால் நத்தையைத் தேடும் இடமும் பிழைக்கும். மந்தையை எந்த நீர்க்கரையிலிருந்து விலக்குவது என்ற அறிவுரையும் பிழைக்கும். இழப்பு ஆய்வேட்டில் நேர்வதன்று. நாலு ஆடு வைத்துப் பிழைப்போரின் வீட்டில் நேர்வது.

அறிவியல் வரலாறு கண்டுபிடித்தவரின் பெயரைப் போற்றுகிறது. கருவி செய்தவரை அடைப்புக்குறிக்குள் வைக்கிறது. இந்தியப் புழுவின் பெயர் தெளிந்த கதையில் ஷில்லாங்குக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. பீன்யா இன்னும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.