குழந்தையும் குளத்து வேலியும்

மனிதன் நீரோடு கொண்ட உறவு எவ்வளவு பழமையானதோ, அவ்வளவு பழமையானது நீருக்கு அவன் தன் குழந்தைகளைப் பறிகொடுத்த துயரமும். ஆயினும் அந்த இழப்பை விதியின் செயல் என்று அழுது ஓய்ந்த காலம் போய், அது தடுக்கத்தக்க விபத்து என்று அறிவு தெளிந்து, தடுக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று சட்டம் வகுத்த காலம் வந்தது மிக அண்மையிலேதான். விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் தங்கும் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் நீச்சல் குளம் சாதாரணமான சௌகரியமாகிவிட்ட இந்நாளில், அக்குளத்தைச் சுற்றி ஒரு வேலி நிற்குமானால், அதன் பின்னே சுமார் இருநூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் நிற்கிறது என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. மூழ்கியவரை எழுப்பும் பிரயத்தனத்தில் தொடங்கி, தாயின் விழிப்பையே நம்பிச் சில காலம் கழித்து, பின்பு அவ்விழிப்பு அயரும் கணத்திலும் அயராத ஒரு தடையைத் தேடிச் சென்ற சரித்திரம் அது.

கால்வாய்களே வீதிகள்போல் ஓடும் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், தவறி விழுந்து மாண்டவர்களைக் கண்டு மனம் பொறாத சிலர் 1767-ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, நீரில் மூழ்கியோரை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். மூழ்கியவரெல்லாம் இறந்தவர் அல்லர் என்பதே அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. உடலைச் சூடுபடுத்துவது, வாயோடு வாய் வைத்து ஊதுவது ஆகிய இன்றைக்கும் நகைக்கத் தகாத முறைகளோடு, புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்துவது என்னும் விசித்திரமான சிகிச்சையையும் அவர்கள் முழு நம்பிக்கையோடு கைக்கொண்டார்கள். இச்செய்தி கடல் கடந்து சென்று, 1774-இல் வில்லியம் ஹாவ்ஸ், தாமஸ் கோகன் என்னும் இரு வைத்தியர்களின் முயற்சியால் லண்டனிலும் அத்தகைய ஒரு சங்கம் தோன்றியது. தேம்ஸ் நதியில் மூழ்கியவரை உரிய நேரத்திற்குள் தம்மிடம் கொண்டுவந்து சேர்ப்போருக்கு ஹாவ்ஸ் அதற்கு முன்னரே தம் கைப்பணத்தை வெகுமதியாகக் கொடுத்து வந்தவர்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி இரண்டு நூற்றாண்டுகள் நீடித்தது. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி மார்பில் அழுத்தும் சில்வெஸ்டரின் முறை 1858-இலும், குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் ஷேபரின் முறை 1903-இலும், ஹோல்கர் நீல்சனின் முறை 1932-இலும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகழ்பெற்று, ஒன்றையொன்று தள்ளிவிட்டு மறைந்தன. 1950-களில் ஜேம்ஸ் எலாம், பீட்டர் சாபர் ஆகியோர் வாயோடு வாய் ஊதும் பழைய முறையே சிறந்தது என்று சோதனைகளால் நிரூபித்தார்கள். 1960-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள் மார்பை அழுத்தி இருதயத்தை இயக்கும் முறையை வெளியிட்டார்கள். இவ்வளவும் மனித குலத்திற்குக் கிடைத்த பெரும் பேறுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிராணவாயு கிட்டாத மூளை சில நிமிஷங்களிலேயே கெடத் தொடங்குகிறது என்பதால், எழுப்பும் கலை எவ்வளவு வளர்ந்தாலும் விழாமல் காக்கும் கலைக்கு ஈடாகாது என்ற உண்மை மட்டும் அசையாமல் நின்றது.

இதற்கிடையே நீரே இடம் மாறத் தொடங்கிற்று. ஆறும் கடலும் குடியிருப்பிலிருந்து சற்றே விலகிக் கிடந்தவை. அவற்றின் கரை பெரும்பாலும் சரிந்து சரிந்து ஆழும். குழந்தை அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே கட்டப்பட்ட நீச்சல் குளமோ, படுக்கையறைக் கதவிலிருந்து பத்தடி தூரத்தில், தரையோடு தரையாக, ஓரத்திலேயே ஆழம் கொண்டு, கண்ணைக் கவரும் நீல நிறத்தோடு அமைந்தது. சிமெண்டுக் கலவையைக் குழாயின் வழியே பீய்ச்சும் பொறியை, மிருகங்களைப் பாடம் செய்யும் கலையில் வல்லவரான கார்ல் ஏக்லி என்பவர் சிகாகோ நகரத்துப் பொருட்காட்சிச் சாலையின் சுவரைப் புதுப்பிப்பதற்காக இயற்றினார். அப்பொறியே பின்னாளில் எந்த வடிவத்திலும் எளிதாகக் குளம் அமைக்கும் சாதனமாயிற்று. இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின், கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், அதுவரை செல்வர்களுக்கே உரியதாயிருந்த அந்தச் சுகம் நடுத்தரக் குடும்பத்தின் கொல்லைப்புறத்திற்கும் வந்து சேர்ந்தது.

விடுமுறைப் பிரயாணத்தோடு அதனைப் பிணைத்தவர் கெம்மன்ஸ் வில்சன். தம் ஐந்து குழந்தைகளோடு 1951-இல் வாஷிங்டனுக்குக் காரில் சென்றபோது, வழியிலுள்ள விடுதிகள் குழந்தை ஒன்றுக்கு இரண்டு டாலர் வீதம் அதிகமாக வசூலித்தது கண்டு சினந்த அவர், மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டென்னிசியைச் சேர்ந்த மெம்பிஸ் நகரத்தில் முதல் 'ஹாலிடே இன்' விடுதியைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விடுதியிலே நீச்சல் குளம் உண்டு. குடும்பங்களுக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறில்லை என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள்; அது நியாயமும்கூட. ஆயினும் குழந்தையையும் குளத்தையும் ஒரே கூரையின் எல்லைக்குள் சேர்த்து அழைத்த அந்தச் சௌஜன்யம், அவ்விரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியது யாது என்ற கேள்வியை எழுப்பாமலே உலகெங்கும் பரவியது.

கேள்வி எழாமைக்குக் காரணம், அதற்கு விடை உண்டென்று எல்லோரும் நம்பியதே. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் இருக்கிறாள், விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கலாம். இந்த நம்பிக்கையின் ஒரு பகுதியைத் தகர்த்தவர் நியூயார்க் நகரத்து ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா. மூழ்குவோரைச் சலனப்படமாகப் பிடித்து 1970-களில் அவர் எடுத்துரைத்தது இதுதான்: மூழ்குகிறவர் கூவுவதில்லை, கையசைத்து அழைப்பதுமில்லை, வாய் நீருக்கு மேலே வரும் அற்ப கணத்தில் மூச்சை வாங்கவே பொழுது போதாது, கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும், இருபது முதல் அறுபது விநாடிகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நடை பழகும் சிசுவுக்கு இந்த அவகாசமும் இல்லை. உடலை நோக்கத் தலை கனமானதாகையால் அது தலைகீழாக விழுகிறது. விழுந்தபின் நிமிரும் வலிமை அதற்கு இல்லாததால் ஆழமற்ற நீரும் அதற்குப் போதும்.

எஞ்சிய நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு கணக்கு. 1980-களில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கலிபோர்னியா, அரிசோனா, புளோரிடா ஆகிய மாகாணங்களில் குளத்தில் விழுந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களை விசாரித்தது. அவர்களில் 69 சதவிகிதத்தினர் அந்நேரம் குளத்தருகே இருப்பார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. 77 சதவிகிதத்தினர் கண்ணுக்கு மறைந்திருந்தது ஐந்து நிமிஷமோ அதற்கும் குறைவாகவோதான். அதாவது, இக்குழந்தைகளில் பெரும்பாலோர் நீச்சலுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். வேறெங்கோ விளையாடிக்கொண்டிருப்பதாக எண்ணப்பட்டவர்கள். அலட்சியமான தாயென்று ஊர் தூற்றியவர்களில் பலர், ஏனைய தாய்மாரைப் போலவே அடுப்பைக் கவனிக்கவும் கதவைத் திறக்கவும் ஒரு கணம் திரும்பியவர்களே.

இவ்வபாயத்திற்குப் பரிகாரம் தேடியவர்கள் முதலில் குழந்தையின் உடலையே நாடினார்கள். ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்டு மார்க்விட்ஸ் என்பவர், தம் சிறு மகள் அலங்கார மீன்குளம் ஒன்றில் விழுந்து தப்பிய அதிர்ச்சியினால் தூண்டப்பட்டு, காற்றடைத்துக் கையில் அணியும் பட்டைகளை 1964-இல் உருவாக்கினார். நீந்தப் பழகுவதற்கு அவை உதவின. ஆனால் உடை மாற்றாமல் தனியே நழுவிச் செல்லும் குழந்தையின் கையில் அவை இருப்பதில்லை. நீச்சலைச் சிறு வயதிலேயே கற்பிக்கலாமே என்ற யோசனையிலும் வைத்தியர்கள் நெடுநாள் தயங்கினார்கள்: நான்கு வயது நிரம்பாதோர் முறையான பயிற்சிக்குப் பக்குவம் அடைந்தவர் அல்லர் என்று 2000-ஆம் ஆண்டில் கூறிய அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், பயிற்சியால் நன்மை உண்டு என்று காட்டிய ஆராய்ச்சியை ஏற்று 2010-இல் தன் கண்டிப்பைத் தளர்த்தியது; எனினும், கற்ற குழந்தையும் மூழ்கலாம் என்பதைச் சொல்ல அது மறக்கவில்லை.

மெய்யான திருப்பம் ஆஸ்திரேலியாவில், வெயிலும் கொல்லைக் குளங்களும் மிகுந்த குயின்ஸ்லாந்தில் நிகழ்ந்தது. பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஜான் பெர்னும் அவருடைய சகாவான ஜேம்ஸ் நிக்சனும் 1970-களில் அந்நகரத்துக் குழந்தைகள் மூழ்கிய சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்து, இவை தனித்தனி வீடுகளின் துர்ப்பாக்கியங்கள் அல்ல, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற விபத்துகள் என்று எடுத்துக்காட்டினர். ஒரே அச்சில் நிகழ்வதை ஒரே தடையால் நிறுத்தலாம் அல்லவா? அந்தத் தடை வேலி. முல்கிரேவ் என்னும் வட்டாரத்தின் பத்தாண்டு அனுபவத்தைக் கொண்டு, வேலி உயிர் காக்குமா என்றே தலைப்பிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று 1980-இல் வெளிவந்தது. நியூஸிலாந்து 1987-இலும், ஆஸ்திரேலிய மாகாணமான நியூ சவுத் வேல்ஸ் 1990-இலும் குள வேலிச் சட்டம் இயற்றின. குயின்ஸ்லாந்தில் 1991 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வீட்டுக் குளங்களுக்கு வேலி கட்டாயமாயிற்று.

வேலி என்றால் எத்தகைய வேலி என்பதில்தான் அனுபவத்தின் நுட்பம் விளங்குகிறது. உயரம் குறைந்தது 1.2 மீட்டர், கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஏறுவதற்குக் காலூன்ற உதவும் நாற்காலியோ பூந்தொட்டியோ அருகில் இருத்தல் ஆகாது. கதவு குளத்திற்கு எதிர்ப்புறமாகவே திறக்க வேண்டும். கைவிட்டவுடன் தானே சாத்தித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் சிறுகைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இவற்றினும் முக்கியமானது, வேலி குளத்தின் நான்கு புறமும் சூழ்வது. வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாகக் கொண்டால், வீட்டின் கதவே குளத்தின் கதவாகிவிடும். பழைய குளங்களின் சொந்தக்காரர்களுக்கு நியூ சவுத் வேல்ஸ் அத்தகைய சலுகை அளித்ததும், அதைப்பற்றிய விவாதம் ஓயாது நடந்ததும் சட்ட சரித்திரத்தின் ஒரு பகுதி. முந்தைய ஆராய்ச்சிகள் சிலவற்றைச் சேர்த்து 1998-இல் தாம்ஸன், ரிவாரா ஆகியோர் மதிப்பிட்டபோது, வீட்டுச் சுவரோடு சேரும் மூன்று புற வேலியைவிட நான்கு புற வேலியில் மூழ்கும் அபாயம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகவே இருந்தது. மூழ்கியவரை எழுப்பிய பழைய சங்கங்களால் தாம் காத்தவரின் பட்டியலை ஆண்டுதோறும் அச்சிட முடிந்தது; வேலி காத்த குழந்தைக்கோ பட்டியல் இல்லை, ஏனெனில் அந்தக் குழந்தைக்கு ஒன்றுமே நேரவில்லை.

விடுமுறை வீட்டைத் தனியே கருதிச் சட்டம் செய்த பெருமை பிரான்ஸ் தேசத்துக்கு உரியது. கோடையில் குடும்பங்கள் குளம் உள்ள வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்கும் வழக்கம் மிகுந்த அந்நாட்டில், 2003 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்கள் வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூடாரம் ஆகிய நான்கில் ஒன்றைக் கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. பருவகால வாடகை வீடுகளுக்கு 2004 மே மாதமும், மற்றப் பழைய குளங்களுக்கு 2006 ஜனவரி மாதமும் கெடு. மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். சாதாரண வீடுகளுக்கு முன்பாக வாடகை வீடுகளை நிர்ப்பந்தித்ததில் ஆழ்ந்த விவேகம் உண்டு: வீட்டின் அமைப்பை அறியாத விருந்தினரின் குழந்தைக்கே அபாயம் அதிகம். ஆனால் நான்கு சாதனங்களையும் சமமாகப் பாவித்ததில் ஒரு குறையும் உண்டு. மணி, குழந்தை விழுந்த பின்னரே ஒலிக்கும். மூடியை யாரேனும் நினைவாக மூட வேண்டும். வேலி மட்டுமே யாருடைய நினைவையும் எதிர்பாராமல் வேலை செய்கிறது.

வேலியால் தடுக்க முடியாத அபாயமும் ஒன்று குளத்தின் அடியில் உண்டு. முன்னாள் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி 2002-இல் வெந்நீர்த் தொட்டியின் உறிஞ்சும் வடிகாலில் சிக்கி மாண்டாள்; அவள் பெயரால் 2007 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், பொதுக் குளங்களின் வடிகால் வாய்களுக்குச் சிக்கல் நேராத மூடிகளைக் கட்டாயமாக்கியது.

இச்சரித்திரத்தை அறிந்தவர் விடுமுறைக்குப் புறப்படும்போது எதைச் செய்வார் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. பெட்டிகளை இறக்குவதிலும் அறைகளைப் பங்கிடுவதிலும் எல்லோரும் ஈடுபட்டிருக்கும் முதல் மணி நேரம் ஆபத்தான வேளை என்று உணர்ந்து, முதலில் குளத்துக் கதவையும் அதை நோக்கிய அறைக் கதவுகளையும் அவர் சோதித்துப் பார்ப்பார். பெரியவர் பலர் கூடியிருந்தால், மற்றவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணி ஒருவரும் பாராது விடுவது இயல்பாகையால், கால் மணிக்கு ஒருவராகக் காவல் முறை வைத்து, முறை உள்ளவர் கைப்பேசியையும் புத்தகத்தையும் தொடாதபடி செய்வார். சிசுவோடு நீரில் இறங்கினால் கை எட்டும் தூரத்திலேயே நிற்பார். நீராடி முடிந்ததும் பந்தையும் பொம்மையையும் நீரிலிருந்து எடுத்துவிடுவார். ஏனெனில் குழந்தையை மறுபடி அழைப்பவை அவையே. குழந்தை காணாமற்போனால் கட்டிலடியில் தேடுவதற்கு முன் குளத்தைப் பார்ப்பார். ஆஸ்திரேலியக் குளங்களின் அருகே மூச்சை மீட்கும் முறையைப் படத்தோடு விளக்கும் பலகை மாட்டியிருக்கும். அந்த வித்தையையும் அவர் முன்கூட்டியே கற்றிருப்பார்.

வங்காளதேசமும் அயர்லாந்தும் முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, 2021-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. தினங்கள் நினைவூட்டும், காவல் புரிவதில்லை. தாயின் விழிப்புக்கு வேலி மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அவள் மனிதப் பிறவி என்பதை ஒப்புக்கொண்ட சமூகம் அவளுக்குக் கொடுக்கும் துணை அது. அத்துணையைச் சட்டம் இன்னும் கொடாத இடங்களில், பிரயாணிகளின் கேள்வியே சட்டத்தின் வேலையைச் செய்ய முடியும். குழந்தையோடு செல்பவர்கள் அறையின் வாடகையையும் காலை உணவையும் விசாரிக்கும்போதே, குளத்திற்கு நான்கு புறமும் வேலி உண்டா, அதன் கதவு தானே தாழிடுமா என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்தால் வேறு விடுதியை நாடுவார்களானால், வேலியின் செலவை வீண் செலவென்று நினைக்கும் விடுதிக்காரர் வெகு விரைவில் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்.