தமிழில் உடற்கூறு கற்பித்த மருத்துவர்

“இருதயம், நுரையீரல் பற்றியெல்லாம் தமிழில் படித்தால் மேற்படிப்புக்கு உதவுமா?” என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் மிஷன் பணிக்காக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கலானார்.

பாடநூலுக்கு என்ன செய்தார்? தமிழறிந்த உதவியாளர்களோடு அமர்ந்து மொழிபெயர்த்தார். உறுப்புகளின் அமைப்பைக் கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், அவை இயங்கும் விதத்தைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883-இலும் வெளிவந்தன. இவற்றையே இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல் என்கிறோம்.

மாணவர்களே, பரீட்சைக்குப் படிக்கும்போது அமைப்பையும் இயக்கத்தையும் சேர்த்தே படியுங்கள். இருதயத்திற்கு நான்கு அறைகள். வலப்புறம் இரத்தத்தை அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறமோ உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. அதனால்தான் இடப்புறத் தசைச்சுவர் தடித்திருக்கிறது. காரணம் விளங்கினால் மனப்பாடம் வேண்டியதில்லை.

தாய்மொழியில் விளங்கிய பாடத்திற்குப் பிற மொழியில் பெயர்களை மட்டும் கற்றால் போதும். பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் “ஏன்?” என்று தமிழில் கேளுங்கள்.