வெறிநாயைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் ரேபிஸ் வருமா?

1/ "டாக்டர், எங்க தெருவுல ஒரு வெறிநாய் சுத்துச்சு. அதைக் கடிச்ச கொசு என் குழந்தையையும் கடிச்சிருந்தா?"

சிரிக்காதீங்க, நியாயமான கேள்விதான். மலேரியா, டெங்கு, யானைக்கால் எல்லாம் கொசுவால வருதே, ரேபிஸ் மட்டும் ஏன் வராது? பதில் வரலாற்றில் இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ 1804. ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் சிங்கே, வெறிநாயின் எச்சிலை எடுத்து நல்லா இருந்த விலங்குகளின் காயத்தில் தடவினார். அவற்றுக்கும் வெறிநோய் வந்தது. வைரஸ் என்ற ஒன்றே தெரியாத காலத்தில், நோய் எச்சிலில் இருப்பது தெரிந்துவிட்டது.

3/ இப்போ கொசு கதை. 1881-ல் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்றார். பெரும்பாலானோர் நம்பலை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு, ஃபின்லே கொடுத்த கொசு முட்டைகளை வைத்தே அதை நிரூபித்தது. அந்த ஆய்வின்போது குழுவில் இருந்த ஜெஸ்ஸி லாசியர் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வயது 34.

4/ ஃபின்லே சோதனை ஏன் எடுபடலை? நோயாளியைக் கடித்த கொசுவை, சில நாட்களிலேயே அடுத்தவரைக் கடிக்க விட்டார். கிருமி கொசுவின் வயிற்றில் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்துசேர சுமார் 12 நாள் ஆகும்.

புரியுதுங்களா? ஒருத்தர் ரத்தத்தை எடுத்து இன்னொருத்தருக்கு ஏத்துற ஊசி இல்லைங்க கொசு. கிருமி அதுக்குள்ள பிழைக்கணும், பெருகணும், எச்சிலுக்கு வரணும்.

5/ ரேபிஸ் வைரஸ் போகும் பாதையே வேற. கடிவாயில் இருந்து நரம்பு வழியா மூளைக்கு ஏறும். அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்கும். ரத்தத்தில் சுற்றாது. கொசு குடிப்பதோ ரத்தம்! தப்பித்தவறி உள்ளே போனாலும் கொசு உடம்பில் அது வளராது. உண்ணி, மூட்டைப்பூச்சிக்கும் இதே கதைதான்.

6/ "அப்போ ரத்தம் குடிக்கிற எதுவுமே ரேபிஸ் பரப்பாதா?"

பரப்பும். 1920-களில் டிரினிடாட் தீவில் மாடுகள் செத்தன. பிறகு மனிதர்களும் கை கால் விழுந்து செத்தாங்க. முதலில் போலியோன்னு நினைச்சாங்க. அங்கிருந்த மருத்துவர் ஜோசப் லெனாக்ஸ் பவான், அது ரேபிஸ் என்றும் ரத்தம் குடிக்கும் வௌவால்தான் பரப்புகிறது என்றும் கண்டுபிடித்தார். வௌவால் நம்மைப் போல பாலூட்டி. அதுக்கே ரேபிஸ் வரும், எச்சிலில் வைரஸ் இருக்கும். (அந்த வகை வௌவால் நம்ம ஊரில் இல்லை. பயப்படாதீங்க.)

7/ நான் பயப்படுவது வேற ஒண்ணுக்கு. கொசுக்கடிக்கு பதறி ஓடிவர்ற அதே வீட்டுல, நாய்க்குட்டி பல் பட்டதை "சும்மா கீறல்தானே"ன்னு மஞ்சள் வெச்சு விட்டுடறாங்க.

நாய், பூனை, குரங்கு எது கடிச்சாலும், பிறாண்டினாலும்:
• ஓடும் தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க
• அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க
• தடுப்பூசியைப் பாதியில் நிறுத்தாதீங்க

அறிகுறி வந்தபிறகு எங்க கையில் ஒண்ணும் இல்லை. அதுக்கு முன்னாடி வந்தா காப்பாத்திடலாம்.

கொசுவலை கட்டுங்க, அது டெங்குவுக்கு. ரேபிஸுக்கு சோப்பும் தடுப்பூசியும்.