எல்வா: அணை நீங்கிய ஆறு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலையில் பிறந்து சுமார் 70 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் சிற்றாறு எல்வா. பசிபிக் சால்மனின் ஐந்து வகைகளும் முட்டையிட அதில் ஏறி வந்தன. அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள் கிளாலம் பழங்குடியினர். அவர்களுடைய மீன்பிடி உரிமையை 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே அரசு எழுதிக் கொடுத்திருந்தது.

1910இல் தாமஸ் ஆல்ட்வெல் என்பவரின் முயற்சியால் அங்கே மின்சாரத்துக்கான அணை எழத் தொடங்கியது. அணைகளில் மீன் ஏறும் வழி வேண்டும் என்ற சட்டம் அப்போதே இருந்தது, வழிதான் கட்டப்படவில்லை. 1912இல் நீர் அடித்தளத்தைப் பெயர்த்துக்கொண்டு பாய்ந்தது. அதை அடைத்து மறு ஆண்டே மின்சாரமும் எடுத்துவிட்டார்கள். மீன்வளத்துறை ஆணையர் லெஸ்லி டார்வின் ஓர் உபாயம் கண்டார்: அணையை ஒட்டி மீன்குஞ்சுப் பண்ணை அமைத்தால் அணையே முட்டை சேகரிக்கும் தடுப்பாகிவிடும், சட்டமும் மீறப்படாது! சட்டத்தை மதிப்பதுபோல் அதைப் புதைத்த சாமர்த்தியம் என்றே இதைச் சொல்ல வேண்டும். பண்ணை 1922இல் கைவிடப்பட்டது. அணை நின்றது. 1927இல் மேலே கிளைன்ஸ் பள்ளத்தாக்கில் இரண்டாவது அணையும் வந்தது. கடலிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் சால்மனுக்கு ஆறே இல்லாமற்போயிற்று.

அணை தடுத்தது மீனை மட்டுமன்று. சால்மன் முட்டையிடுவது சரளைக் கற்களின் இடுக்கில். அந்தச் சரளையும் மணலும் நீர்த்தேக்கங்களில் தங்கிவிட, கீழே பெருங்கற்களே எஞ்சின. முகத்துவாரக் கரையைக் கடல் அரித்தது.

1980களில் உரிம விசாரணையில் கிளாலம் மக்கள் அணைகளை அகற்றக் கோரினர். 1992இல் மீட்புச் சட்டம் நிறைவேறியும் பணி தொடங்க 2011 ஆயிற்று. இரண்டு கோடி கன மீட்டருக்கும் மிகுந்த வண்டல் ஒருசேர இறங்கினால் இருக்கும் மீனும் மாளும் என்பதால், அணைகளைப் படிப்படியாகக் குறைத்து 2014இல் முடித்தனர். வறண்ட ஏரிப் படுகைகளில் உள்ளூர் மரங்களையும் செடிகளையும் நட்டனர். 2012இல், தம் இனம் படைக்கப்பட்டதாக மூத்தோர் சொல்லிவந்த பாறை நீருக்கடியிலிருந்து வெளிப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுத் தடைக்குப் பின், 2023இல் பழங்குடியினர் கோஹோ சால்மனைச் சிறு அளவில் பிடித்தனர். சினூக் அவ்வளவு எளிதாக மீளவில்லை; முதல் பத்தாண்டில் திரும்பியவற்றுள் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவையே. பண்ணை வேண்டுமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது.

வியப்பளித்தது சால்மனின் தாயாதியான ஸ்டீல்ஹெட். அணைக்கு மேலே நூறாண்டு சிறைப்பட்டிருந்த ரெயின்போ ட்ரவுட் மீன்கள் கடலோடும் இயல்பை மரபணுவில் காத்துவைத்திருந்தன. வழி திறந்ததும் அவற்றின் சந்ததி கடலுக்குச் சென்று, கோடையில் ஆறு ஏறித் திரும்பியது. எந்தப் பண்ணையின் உதவியுமின்றி.