வண்டிக்கு அடியில் ஓடும் காத்து

கயத்தாறுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1799 அக்டோபர் 16, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம். எனக்கும் அதுதான். ஆனா அதே கயத்தாறுல இன்னொரு இடமும் இருக்கு. தேசிய காற்று சக்தி நிறுவனம் காற்றாலைகளைச் சோதிச்சுப் பார்க்கிற நிலையம். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து அந்தப் பக்கம் அப்படி அடிக்கும். இந்தியாவோட ஆரம்பகாலக் காற்றாலைகள்ல சிலது 1986ல தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டுலதான் நட்டாங்க.

காத்தைக் காசாக்கத் தெரிஞ்ச சீமை இது. ஆனா அதே காத்து, லோடு வண்டி ஓட்டுறவர்கிட்ட இருந்து டீசலைப் பிடுங்குது. இன்னைக்கு எபிசோட், வண்டிக்கு அடியில ஓடுற காத்தோட வரலாறு. இதுல நான் செஞ்ச தப்பு ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

என் சித்தப்பா பாஞ்சாலங்குறிச்சிக்காரர். 1974ல கட்டின நினைவுக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி வீடு. சொந்தமா ஒரு பிக்கப் வண்டி வச்சிருக்கார். கோவில்பட்டியில தீப்பெட்டி பண்டல் ஏத்தி, எட்டயபுரம் வழியா தூத்துக்குடியில இறக்குவார். தீப்பெட்டி லேசான சரக்கு. எடை கம்மி, உயரம் ஜாஸ்தி. அதனால வேகமாப் போகும்போது எஞ்சினுக்கு எடையைவிடக் காத்துதான் பெரிய சுமை.

கணக்கு எளிமையானது. வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்காகும். இதுல நம்ம கண்ணுக்குத் தெரியிறது முன்பக்கமும் கூரையும்தான். குனிஞ்சு அடியில பாருங்க. சேஸிஸ், ஆக்சில், கிரவுன், சைலன்சர், தொங்குற ஸ்டெப்னி. உள்ள நுழையுற காத்து ஒவ்வொண்ணுலயும் முட்டிச் சுழலுது. அந்தச் சுழலுக்கான செலவு டீசல்ல போகுது.

இதை முதல்ல யோசிச்சவங்கள்ல ஒருத்தர் எட்மண்ட் ரம்ப்ளர். முதல் உலகப்போருக்கு முன்னாடியே விமானம் கட்டினவர். 1921ல பெர்லின் கண்காட்சியில நீர்த்துளி வடிவத்துல ஒரு காரை நிறுத்தினார். பார்த்தவங்க அசந்து போனாங்க, ஆனா வாங்கலை. சுமார் நூறு கார்தான் விற்றது. 1979ல ஃபோக்ஸ்வாகன் அந்தக் காரைக் காற்றுச் சுரங்கத்துல வச்சு அளந்தப்ப தடைக் குணகம் 0.28 வந்தது. இன்னைக்கு ரோட்டுல ஓடுற பல எஸ்யூவிகளைவிடக் குறைவு.

அப்புறம் 1955ல பிரான்ஸ்ல சிட்ரோன் டிஎஸ். பெரிய கார், எஞ்சின் ரெண்டு லிட்டர்கூட இல்லை. அதை வச்சே நல்ல வேகம் எடுக்கணும்னா காத்தோட மல்லுக்கட்ட முடியாது. அதனால வயித்துப் பக்கத்தை மட்டமா மூடினாங்க. மத்த கம்பெனிகள் பெரும்பாலும் கண்டுக்கலை. அடிப்பக்கத்தைப் பார்த்து எவன் கார் வாங்குறான்?

நிலைமையை மாத்தினது 1973 எண்ணெய் நெருக்கடி. சில மாசத்துல கச்சா எண்ணெய் பீப்பாய் மூணு டாலர்ல இருந்து பன்னிரண்டு டாலர் பக்கம் போச்சு. 1974 தொடக்கத்துல அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல்னு வேகக் கட்டுப்பாடு போட்டாங்க. அந்தச் சமயத்துல கலிஃபோர்னியா பாலைவனத்துல, நாசாவோட விமான ஆய்வு மையத்துல எட்வின் சால்ட்ஸ்மேன்னு ஒரு எஞ்சினியர். சைக்கிள்ல வேலைக்குப் போவார். லாரி கடக்கும்போது முதல்ல காத்து அவரை வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். அந்தத் தள்ளுமுள்ளுல வீணாகுறது எரிபொருள்னு அவருக்குப் பட்டது.

அவர் குழு ஒரு பழைய வேனைச் சுத்தி அலுமினியத் தகடு அடிச்சு, தீப்பெட்டி மாதிரி சதுரமாக்கினாங்க. ஓட்டி அளந்தாங்க. பிறகு முனைகளை உருட்டினாங்க. தடை ஏறக்குறைய பாதியாச்சு. அடுத்து அடிப்பக்கத்தை முழுசா மூடினாங்க. இன்னும் குறைஞ்சது.

இதை நான் படிச்சுட்டுத்தான் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "அடியில தகரம் அடிச்சா மைலேஜ் கூடும் சித்தப்பா." அவர் நம்பினார். பட்டறையில காசு கொடுத்து முன் பம்பர்ல இருந்து பின் ஆக்சில் வரைக்கும் தகடு அடிச்சார்.

அது தை மாசம். கரிசல்காட்டுல உளுந்து அறுப்பு. செடியைப் பிடுங்கி ரோட்டுல பரப்பிடுவாங்க, போற வர்ற வண்டிதான் தாம்பு மாடு. சித்தப்பாவும் அது மேல ஓட்டிட்டுப் போயிருக்கார். காய்ஞ்ச கொடி தகட்டுக்கு மேல போய் மாட்டிக்கிச்சு. பக்கத்துலயே சூடான சைலன்சர். குறுக்குச்சாலை தாண்டும்போது கருகுற வாடை. மேல வண்டி நிறைய தீப்பெட்டி.

நல்லவேளை, உடனே நிறுத்தி, தண்ணிக் கேனைக் கவுத்து அணைச்சிட்டார். ராத்திரி போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏலே, அந்த அமெரிக்காக்காரன் ரோட்டுல உளுந்து காயப்போடுவானா?"

எனக்குப் பதில் இல்லை. சால்ட்ஸ்மேன் வேனை ஓட்டிப் பார்த்தது ஆய்வு மையத்துக்குள்ள, கூட்டிப் பெருக்கின தளத்துல. டிஎஸ் ஓடினது பிரான்ஸோட தார் ரோட்டுல. அந்த ரோடும் அந்தக் கண்டுபிடிப்புல ஒரு பாகம். நான் தகட்டை மட்டும் எடுத்துக்கிட்டேன், ரோட்டை விட்டுட்டேன். எங்க ஊர்ல ரோடுதான் களம்.

அப்போ பிக்கப்புக்கு வழியே இல்லையா? இருக்கு. காத்து உள்ள போன பிறகு வழுவழுன்னு பாதை போட்டுக் கொடுக்கிறது ஒரு வழி. உள்ள விடாம முன்னாடியே தடுக்கிறது இன்னொண்ணு. முன் பம்பருக்குக் கீழ ஒரு தடுப்பு இருந்தா, காத்து பக்கவாட்டுல ஒதுங்கிடும். 2019 மாடல் ராம் 1500 பிக்கப்ல இந்தத் தடுப்பு, சுமார் 56 கிலோமீட்டர் வேகத்துல தானா கீழே இறங்கும். மெதுவாப் போகும்போது மேல ஏறிக்கும். மேடு பள்ளத்துல இடிக்காது.

நம்மகிட்ட மோட்டார் இல்லை, ரப்பர் இருக்கு. சித்தப்பா தகட்டைக் கழட்டிப் போட்டுட்டு, பழைய கன்வேயர் பெல்ட்டை அறுத்து பம்பருக்குக் கீழ தொங்கவிட்டார். ரேடியேட்டருக்குப் போற காத்தை மறைக்கலை. வேகத்தடையில உரசினா மடங்கும், திரும்ப நிமிரும். பின்னாடி ஒண்ணும் மூடலை, அதனால கொடியும் தங்காது, கரிசல் சேறும் சேராது.

அடுத்து அளக்கணும். டேங்க் நிரப்பி, அதே சரக்கோட போயிட்டு வந்து, மறுபடி நிரப்பி எழுதணும். ரெண்டு திசையும் சேர்த்துத்தான் கணக்கு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்ல, தூத்துக்குடிக்குப் போகும்போது காத்து தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சுல அடிக்கும்.

அவர் நோட்டு பார்த்தேன். ரப்பரால வந்த லாபம் கொஞ்சம்தான். பெரிய லாபம் 80ல ஓட்டினவர் 60க்கு இறங்கினதுல. காத்துத் தடை அதுலயே கிட்டத்தட்ட 44 சதவீதம் குறையும், பைசா செலவில்லாம. தார்ப்பாயைத் தொங்கவிடாம இழுத்துக் கட்டுறதும் அவரே கண்டுபிடிச்சது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ லோடு வண்டி ஓட்டுறவங்க இருந்தா இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. ஆனா யோசனை சொல்றதுக்கு முன்னாடி, ஒருநாள் அவங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்து போயிட்டு வாங்க. நான் அதை இந்தத் தை மாசம்தான் செஞ்சேன். அடுத்த எபிசோட்ல பேசுவோம்.