வடிகால் மூடிக்கு வந்த சட்டம்

நீச்சல் குளப் பராமரிப்புக் கணக்கில் வடிகால் மூடி என்பது ஒரு சின்ன வரி. அமெரிக்காவில் அந்த மூடிக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர்.

2002 ஜூன் மாதம். நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்த வர்ஜீனியா கிரேம் பேக்கர், அங்கிருந்த வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். மூன்று வயதிலிருந்தே தனியாக நீந்துபவள். நீச்சல் குழுவிலும் இருந்தவள். தொட்டியின் அடியிலிருந்த வடிகால் அவளைப் பிடித்துக்கொண்டது. தாய் நான்சி பேக்கர் இழுத்தும் முடியவில்லை. இரண்டு ஆண்கள் இழுத்த வேகத்தில் மூடியே உடைந்துதான் பிள்ளை விடுபட்டாள். அதற்குள் உயிர் போயிருந்தது.

இதெப்படி என்று கேட்கலாம். மோட்டார் பம்பு அடிவடிகால் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்த ஒரே வாயை உடம்பு அடைத்துக்கொண்டாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மூடியின் விட்டம் 20 செ.மீ., அழுத்த வித்தியாசம் அரை வளிமண்டலம் என்றால் சுமார் 160 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். பெற்ற தாயாக இருந்தாலும் ஒற்றை ஆளால் ஆகிற காரியமா?

முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அந்தக் குடும்பத்துக்கே சட்டம் வர ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. நான்சி பேக்கர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 2007 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. பொதுக் குளங்களில் எல்லாம் ஆளைப் பிடிக்காத வடிவில் அமைந்த மூடி வேண்டும். ஒரே வடிகால் உள்ள குளமாக இருந்தால், அடைப்பு ஏற்பட்டதும் பம்பை நிறுத்தும் கருவி போன்ற இரண்டாவது காப்பும் வேண்டும்.

நமக்கு முக்கியமான சங்கதி, 'பொதுக் குளம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். அடுக்குமாடிக் குடியிருப்போர் மட்டும் பயன்படுத்தும் குளமும் அதில் அடங்கும். 'இது எங்கள் சொந்தக் குளம்' என்று சங்கங்கள் நழுவ வழியில்லை.

சட்டம் வந்ததோடு முடிந்துவிடவில்லை. எவ்வளவு நீரோட்டம் வரை பாதுகாப்பு என்று மூடிகளில் போட்டிருந்த அளவு தவறு என்று தெரிந்து, 2011-ல் சுமார் பத்து லட்சம் மூடிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் குளத்துக்குச் சட்டத்தின் கட்டாயம் இல்லை. ஆனாலும் அடுத்த பொதுக்குழுவில் மூன்று கேள்விகளைப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் கேட்க இருக்கிறேன். அடியில் வடிகால் ஒன்றா, இரண்டா? மூடியின் திருகுகளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பம்பை நிறுத்தும் சுவிட்ச் பூட்டிய அறைக்குள் என்றால், குழந்தைகள் நீந்தும் மாலை நேரத்தில் சாவி யார் கையில்?