சான்றிதழும் பதிவேடும்: கும்பகோணம் பள்ளித் தீவிபத்தின் பின்னணியில் கட்டடத் தீப்பாதுகாப்பு ஆவணங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீவிபத்து, சட்டம் இல்லாமையின் விளைவாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. தமிழகத்தில் பொதுக்கட்டடங்களுக்கான உரிமச் சட்டங்கள் 19ஆம் நூற்றாண்டு முதலே உள்ளன. அச்சட்டங்கள் கட்டடத்தை ஒரு நாளில் பார்த்துச் சான்று வழங்கும் முறையை வளர்த்தன. அந்நிலை தொடர்ந்து பேணப்படுகிறதா எனப் பதியும் முறையை வளர்க்கவில்லை. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தீப்பாதுகாப்பு, பொதுக்கட்டட உரிமம், கும்பகோணம், கட்டட உறுதிச் சான்று, பராமரிப்புப் பதிவேடு.

முன்னுரை

2004 ஜூலை 16 அன்று முற்பகலில், கும்பகோணம் காசிராமன் தெருவில் இயங்கிய உதவிபெறும் தனியார் பள்ளி வளாகத்தின் சமையற்கூடத்தில் தீப்பற்றியது. அங்கிருந்து மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தீ பரவியது. கூரை எரிந்து மாணவர்கள் மீது விழுந்தது. குறுகிய படிக்கட்டு வழியே பலரால் வெளியேற இயலவில்லை. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள் நடத்தப்பட்டு வந்தன என்பதும் பின்னர் வெளிப்பட்டது. அப்பள்ளி அரசுக்குத் தெரியாமல் இயங்கியதன்று. அங்கீகாரமும் அரசு உதவியும் பெற்று, கல்வித்துறையின் கண்காணிப்புக்கு உட்பட்டிருந்த நிறுவனம் அது. எனவே, ஆவணங்கள் இருந்தும் பாதுகாப்பு ஏன் இல்லாமற் போயிற்று என்பதே வரலாற்று ஆய்வுக்குரிய வினாவாகிறது.

உரிமச் சட்டங்களின் மரபு

சென்னை மாகாணத்தில் 1888ஆம் ஆண்டின் பொதுமக்கள் கூடுமிடங்கள் சட்டம், கேளிக்கைக்கும் கூட்டங்களுக்கும் பயன்படும் அடைப்பிடங்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், புல், ஓலை, பாய் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களால் வெளிக்கூரையோ பந்தலோ அமைக்க நகராட்சியின் எழுத்துவழி அனுமதி வேண்டும் என்றது. ஆக, கீற்றுக் கூரையின் ஆபத்தை இம்மாகாணத்துச் சட்டம் 2004க்குப் பல்லாண்டுகள் முன்னரே அறிந்திருந்தது. 1965ஆம் ஆண்டின் பொதுக்கட்டடங்கள் உரிமச் சட்டம் பள்ளி, விடுதி முதலியவற்றையும் உரிம வரம்புக்குள் கொணர்ந்தது. அதன் நடைமுறையில் கட்டட உறுதிச் சான்று மையமான ஆவணமாயிற்று.

உறுதிச் சான்று எழுப்பும் வினா, கட்டடம் இடியாமல் நிற்குமா என்பது. தீப்பாதுகாப்பு எழுப்பும் வினாக்கள் வேறு: எது எரியும், எவ்வளவு விரைவில் எரியும், உள்ளிருப்போர் எவ்வழியே வெளியேறுவர்? சுவரும் தூணும் உறுதியாக உள்ள கட்டடம் முதல் வினாவில் தேறி, ஏனையவற்றில் தோற்கக்கூடும். மேலும், சுவரின் உறுதி மெல்லவே மாறும். தீப்பாதுகாப்போ நாள்தோறும் மாறக்கூடியது. வழியில் ஒரு மேசையைப் போட்டாலும், கதவொன்றைப் பூட்டினாலும், கொட்டகை ஒன்றைச் சேர்த்தாலும் முந்தைய நாள் சான்று பொருளற்றதாகிவிடும்.

தொடர்ந்த தீவிபத்துகள்

கும்பகோணத்துக்கு முந்தைய ஏழாண்டுகளில் தமிழகத்தில் மூன்று பெருந்தீவிபத்துகள் நிகழ்ந்தன. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோயில், காப்பகம், மண்டபம் ஆகியவை வெவ்வேறு துறைகளின் பார்வைக்குரியவை. ஓரிடத்துப் படிப்பினை மற்றோரிடத்தின் ஆய்வுப் படிவத்தில் இடம்பெற வழியில்லை. திருவரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆறு மாதங்களே.

சான்றளித்தவரின் பொறுப்பு

விபத்தை விசாரிக்க நீதிபதி கே. சம்பத் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. குற்றவியல் வழக்கில் 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகளெனவும் 11 பேரைக் குற்றமற்றவர்களெனவும் தீர்ப்பளித்தது. பள்ளி நிருவாகத்தினருடன் கல்வித்துறை அலுவலர் சிலரும் பட்டயப் பொறியாளர் ஒருவரும் தண்டிக்கப்பட்டனர். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இத்தண்டனைகள் பெருமளவு மாற்றப்பட்டன. எனினும், சான்றில் இடும் கையொப்பம் வெறும் அலுவல் நடைமுறையன்று, உயிர்ப்பொறுப்பு என்னும் கருத்து இவ்வழக்கின் வழியே பொதுவிவாதத்துக்கு வந்தது.

அக்கருத்துக்கு நெறிமுறை வடிவம் தந்தது, அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று வழங்கிய தீர்ப்பு. பாதுகாப்பான பள்ளியில் பயில்வது கல்வியுரிமையின் பகுதி என அது கொண்டது. அனைத்துப் பள்ளிகளும் ஆறு மாதங்களுக்குள் தீயணைப்புக் கருவிகளை நிறுவ வேண்டும். அவற்றைக் கையாளப் பணியாளர்க்குப் பயிற்சி தர வேண்டும். கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்புக்கு இணங்க வேண்டும். முறையான நேராய்வுக்குப் பின்னரே சான்று வழங்க வேண்டும். கடமை தவறும் அலுவலர் மீது உடனடி ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று ஆணையிட்டது. கட்டட அமைப்பைக் காலமுறையில் மதிப்பிடவும் பணித்தது.

ஆனால், அதே ஆண்டு இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றோடு மதிய உணவு சமைக்கும் சமையலறையையும் பட்டியலிடுகிறது. தீத்தடுப்பு அதில் தனி இனமாக இல்லை. சமையலறையிலிருந்து பரவிய தீயின் நினைவு, ஐந்தாண்டுகளுக்குள் எழுதப்பட்ட அட்டவணையில் தடம் பதிக்கவில்லை.

பதிவேட்டின் தேவை

கருவியை நிறுவுதல் ஒருநாட் செயல், பேணுதல் தொடர்செயல். தீயணைப்பானின் அழுத்தம் குறையும், உலர்தூள் கட்டிப்படும், கரியமில வாயு உருளையின் கசிவை எடைபோட்டே அறிய முடியும். சுவரில் தொங்கும் கருவி இயங்கும் நிலையில் உள்ளதா என்பதை அதன் தோற்றம் கூறாது; சோதித்த நாள், சோதித்தவர், கண்ட குறை, குறை களைந்த நாள் ஆகியவற்றைத் தாங்கிய பதிவேடே கூறும். இதனால்தான் இந்தியத் தர நிர்ணயம் 2190 தீயணைப்பான்களின் தெரிவு, நிறுவல் ஆகியவற்றோடு பராமரிப்பையும் இணைத்தே வகுக்கிறது. வெளியேறும் வழி, ஒத்திகை, மின்கம்பி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

1888 முதல் வளர்ந்த உரிம மரபு, சான்றிதழைக் கட்டடத்தின் பாதுகாப்பாகவே கருதும் நிருவாகப் பழக்கத்தை உருவாக்கியது. சான்றிதழ் உரிமையாளரையும் அலுவலரையும் காக்கும் ஆவணம். பதிவேடு உள்ளிருப்போரைக் காக்கும் ஆவணம். முன்னது குறையில்லை என்று அறிவிக்கிறது. பின்னது குறைகளை எழுதிவைப்பதாலேயே மதிப்புப் பெறுகிறது. குறையே பதியப்படாத பதிவேடு, பார்வையிடப்படாத கட்டடத்தின் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே, பள்ளி ஆய்வின்போது சான்றின் காலாவதி நாளோடு பதிவேட்டின் இறுதிப் பதிவையும் வினவும் முறை நிலைபெறும்போதுதான் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ள இயலும்.